வேட்டைக்கு முன் ஒரு விடுமுறை

விடுமுறை என்றதும் நம்மவர் மனத்தில் எழுவன இரண்டு இடங்களே. ஒன்று கோயில், மற்றையது நுவரெலியா. கோயிலுக்குச் செல்வோர் நேர்த்திக்கடனைத் தீர்த்து மீள்வர். நுவரெலியாவுக்குச் செல்வோர் கம்பளிச் சட்டையோடு படம் பிடித்து மீள்வர். இரண்டிலும் குடும்பத்தார் அனைவர்க்கும் நோக்கம் ஒன்றே. ஆனால், தந்தைக்கு ஒரு நோக்கமும், தாய்க்கு வேறொரு நோக்கமும், பிள்ளைகளுக்கு மூன்றாவதொரு நோக்கமுமாகப் புறப்பட்டு, அடுத்தடுத்த கூடாரங்களில் நான்கு இரவு தங்கி, ஒருவர் மனம் ஒருவர் கோணாமல் வீடு திரும்புதல் கூடுமோ? கூடும் என்பதை ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலே கண்டோம். அதனை வாசகர்களோடு, சிறப்பாக மாணவர்களோடு, பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

எம் தங்கை இருபது ஆண்டுகளாக டென்வர் நகரை அடுத்து வாழ்ந்து வருகின்றாள். அவள் கணவர் வன்னியிற் பிறந்தவர், பொறியியலாளர். விடுமுறையோடு சில நாள் விடுப்பும் சேர்த்து எடுத்துக்கொண்டு, மனைவியோடும் மகளோடும் ஓர் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அவர்கள் இல்லம் சென்றோம். சென்ற மறுநாளே மைத்துனர் ஒரு தேசப்படத்தை மேசைமேல் விரித்து, மலைப்பக்கம் ஐந்து நாட் பயணம் ஒன்றுக்கு ஆயத்தம் செய்திருப்பதாகக் கூறினார். அப்படத்தில் ஆங்காங்கே பென்சிலினால் சிறு வட்டங்கள் இடப்பட்டிருந்தன. அவை பார்க்கத்தக்க இடங்களோ என வினவினோம். தங்கை சிரித்துக்கொண்டு, “அண்ணை, அது எங்களுக்குப் பார்க்கிற இடமில்லை, அவருக்கு மரை பார்க்கிற இடம்” என்றாள்.

அவள் ‘மரை’ என்றது எல்க் என்னும் பெருமானை. வருகின்ற ஒக்டோபர் மாதத்தில் எல்க் வேட்டைக்கு மைத்துனர் அனுமதிப்பத்திரம் பெற்றிருந்தார். பதின்மூன்று வயதான அவர் மகனும் பெற்றிருந்தான். வேட்டைக்கு முன் காட்டைப் பார்த்து வைக்கவேண்டும். விருந்தினரையும் பிள்ளைகளையும் மலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

எமது குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் புலால் உண்ணாதது. தங்கையும் அவ்வழக்கத்தை விட்டாளல்லள். மைத்துனரின் பாட்டனாரோ இடியன் துவக்கோடு வன்னிக் காட்டிலே திரிந்தவர். மரை வற்றல் இல்லாத மாரி காலத்தை அவர் அறியார். இவ்விரு மரபும் ஒரு வீட்டிற் சேர்ந்து, இப்போது ஒரு சிறுவனின் கையிலே துவக்காக வந்து நிற்கின்றது. ஆதலின் இப்பயணம் எமக்கு வெறும் உல்லாசப் பயணமாய் இருக்கவில்லை.

தங்கையின் மூன்று நிபந்தனைகள்

புறப்படுமுன் தங்கை மூன்று நிபந்தனைகள் விதித்தாள். முதலாவது, காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணிவரை தந்தை பிள்ளைகளுக்கே உரியவர். அந்நேரத்தில் எல்க்கைப் பற்றிய பேச்சும் கூடாது. இரண்டாவது, இப்பயணத்தில் துவக்கு வரக்கூடாது. மூன்றாவது, கூடாரத்தில் மரக்கறிச் சமையல் மட்டுமே.

மூன்றையும் மைத்துனர் மறுபேச்சின்றி ஏற்றார். முதலாவது நிபந்தனையால் அவருக்கு நட்டமெதுவும் இல்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். எல்க் விடியற்காலையிலும் அந்திப்பொழுதிலும் புல்வெளிக்கு வந்து மேயும். வெயில் ஏறியதும் இருண்ட காட்டுக்குட் சென்று படுத்து அசைபோடும். எனவே, வேட்டைக்காரனுக்கு வேலையில்லாத நேரமே குடும்பத்துக்கு வேலையுள்ள நேரம். ஏரிக்கரையில் விளையாட்டு, மீன் பார்த்தல், சமையல், பகல் உறக்கம் ஆகிய யாவும் அந்தப் பகற்பொழுதில் அடங்கிவிடும். குடும்பத்தையும் வேட்டையையும் இணைக்க முடியாது என்று சலிப்போர் இந்த நேரக்கணக்கை அறியாதவரே. இரண்டையும் ஒரே மணியில் செய்ய முயன்றால் மட்டுமே இரண்டும் கெடும்.

ஒரு பெயர், மூன்று விலங்குகள்

‘எல்க்’ என்னும் சொல்லின் வரலாறு வேடிக்கையானது. ஐரோப்பாவில் அச்சொல் குறிப்பது, அமெரிக்கர் ‘மூஸ்’ என அழைக்கும் விலங்கை. வட அமெரிக்காவிற் குடியேறிய ஆங்கிலேயர், அங்கு கண்ட வேறொரு பெருமானுக்கு அப்பெயரை இட்டனர். அதன் பழைய பெயர் ‘வாப்பிட்டி’. ஷோனி என்னும் பழங்குடியினரின் மொழியில் வெள்ளைப் பிட்டத்தை உடையது என்று பொருள்படும். இலங்கைக்கு வந்த ஆங்கிலேயரோ அதே பெயரை எமது மரைக்குச் சூட்டினர். 1848 ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டைநாய்க் கூட்டத்தை ஏவிக் கத்தியினாற் குத்திக் கொன்றதாகப் பெருமையோடு எழுதிவைத்த ‘எல்க்’ யாவும் மரைகளே. ஹோட்டன் சமவெளியில் இன்று நாம் காணும் பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆகவே தங்கை எல்க்கை மரை என்றது வழுவன்று. ஆங்கிலேயர் செய்த மாற்றத்தை அவள் திருப்பிச் செய்தாள், அவ்வளவே.

கொலராடோ எல்க் மரையினும் பெரிது. நன்கு வளர்ந்த கலை 300 கிலோவுக்கு மேல் நிறையுள்ளது. பிணை 225 கிலோ அளவினது. கலையின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து, மீண்டும் முளைக்கும். கோடையில் ஒரு நாளில் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேலும் அது வளர்வதுண்டு. ஆகஸ்ட் தொடக்கத்தில் நாம் கண்ட கலைகளின் கொம்புகளை வெல்வெட் போன்ற மென்தோல் மூடியிருந்தது. அம்மாத இறுதியில் அத்தோலைச் செடிகளில் உரைத்துக் களைந்து, செப்டெம்பரில் அவை பிணைகளை நாடிக் குரல் எழுப்பும். அக்குரல் உறுமலாகத் தொடங்கி, குழலோசை போல உச்சத்திற்கு ஏறி அடங்குமாம். நாம் சென்ற காலத்தில் அது கேட்கவில்லை. கன்றுகள் தாயை அழைக்கும் கீச்சொலியையே கேட்டோம். முதலிற் கேட்டபோது பறவை என்றே எண்ணினோம்.

பூங்காவில் ஒரு நாள்

முதல் நாள் எஸ்ரெஸ் பார்க் என்னும் சிற்றூர் வழியாக றொக்கி மலைத் தேசியப் பூங்காவை அடைந்தோம். 1915 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இப்பூங்காவில் மக்கள் வேட்டையாட அனுமதியில்லை. அதனூடே செல்லும் மலைப்பாதை 3,713 மீற்றர் உயரம்வரை ஏறுகின்றது. எமது பிதுருதலாகலை 2,524 மீற்றர் என்பதை மாணவர் ஒப்பிட்டுக்கொள்வாராக. அவ்வுயரத்தில் மரமில்லை, முழந்தாளளவும் வளராத புல்லும் பூவுமே உண்டு. எம் மனைவிக்குத் தலைவலி கண்டது. மெல்ல நடத்தலும் அடிக்கடி தண்ணீர் குடித்தலுமே அங்கு முதல் மருந்து என மைத்துனர் கூறினார். பிற்பகலில் இடியும் மின்னலும் திடீரென வருமாதலால், நண்பகலுக்குள் மரமுள்ள இடத்திற்கு இறங்கிவிடவேண்டும் என்பது அம்மலையின் சட்டம்.

அந்த உயரத்துப் புல்வெளியிலேதான் எல்க்கை முதன்முதல் கண்டோம். பத்துப் பன்னிரண்டு கலைகள், மக்கள் வாகனங்களை நிறுத்திப் படம் பிடிப்பதைச் சிறிதும் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தன. எம் மகள், “இவ்வளவு கிட்ட நிக்குதே, இதையா மாமா தேடப் போறார்?” என வியந்தாள்.

அவை அங்கு நிற்பதற்குப் பின்னே ஒரு கதை உண்டு. சந்தைக்கு இறைச்சி விற்ற வேட்டைக்காரரால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பள்ளத்தாக்கில் எல்க்கே இல்லாதொழிந்தது. 1913, 1914 ஆம் ஆண்டுகளில் யெலோஸ்ரோன் பூங்காவிலிருந்து 49 எல்க்குகளைக் கொணர்ந்து விட்டனர். ஆனால் ஓநாய்கள் அதற்குள் ஒழிக்கப்பட்டிருந்தன. கொல்வாரின்றி எல்க் பெருகிற்று. பெருகி, அஸ்பென், வில்லோ மரங்களின் இளந்தளிரையெல்லாம் தின்று தீர்த்தது. இறுதியில், வேட்டை விலக்கப்பட்ட அப்பூங்காவிலேயே, 2009 ஆம் ஆண்டு தொடங்கிச் சில மாரிகளில், பயிற்சி பெற்ற தொண்டர்களைக் கொண்டு ஒரு தொகையைச் சுட்டுக் குறைக்க நேர்ந்தது. மரக்கன்றுகளைச் சுற்றி வேலியும் இட்டனர். ஓநாயை மீண்டும் கொண்டுவரவேண்டும் என 2020 ஆம் ஆண்டில் கொலராடோ மக்கள் மிகச் சிறிய பெரும்பான்மையால் வாக்களித்தனர். 2023 டிசெம்பரில் முதற் பத்து ஓநாய்கள் அம்மாநிலத்தின் மலைப்புறத்தில் விடப்பட்டன.

கொல்லாதிருந்தால் மட்டும் காடு காக்கப்பட்டுவிடும் என்று எண்ணி வளர்ந்த எமக்கு இச்செய்தி இலகுவிற் செரிக்கவில்லை.

காடு பார்த்தல்

அடுத்த நாள் மலைகளைத் தாண்டி மேற்கே சென்று, பிளற் ரொப்ஸ் என்னும் தட்டை மலைத்தொகுதியில் உள்ள ட்றப்பர்ஸ் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தோம். ஏறத்தாழ 2,900 மீற்றர் உயரத்தில் உள்ள ஏரி அது. சுற்றிலும் எரிமலைக் குழம்பு இறுகிய கரிய பாறைச் சுவர்கள். 1919 ஆம் ஆண்டில் ஆதர் காகாட் என்னும் இளைஞர், ஏரியைச் சுற்றி வீதியும் விடுமுறை வீடுகளும் அமைக்க அளந்து வருமாறு வனத்திணைக்களத்தாரால் அனுப்பப்பட்டார். அளந்து முடித்தவர், இங்கு எதுவும் கட்டாமல் விடுவதே நன்று என்று அறிக்கை கொடுத்தார். மேலதிகாரிகளும் அதனை ஏற்றனர். அதனாலேயே இன்றும் அக்கரையில் வீடுகளின் வரிசையில்லை. அனுப்பப்பட்ட வேலையைச் செய்யாமையால் நன்மை விளைந்த சில சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்றாகும்.

கரையைச் சூழ்ந்து ஆயிரக்கணக்கான மரங்கள் பட்டு வெளிறி நின்றன. 2002 ஆம் ஆண்டில் மின்னலால் மூண்ட பெருந்தீயின் மிச்சம் அது. எம் மகளுக்கு அது சுடுகாடாகத் தோன்றிற்று. மைத்துனருக்கோ அது நல்ல அறிகுறி. மரம் எரிந்த இடத்தில் வெயில் நிலத்தைத் தொடும். புல்லும் இளஞ்செடியும் அடர்ந்து வளரும். அதனை மேய எல்க் வரும்.

மறுநாட் காலை நான்கரை மணிக்கு மைத்துனரும் மருமகனும் நாமுமாகப் புறப்பட்டோம். சுடுதண்ணீர்ப் போத்தலில் தேநீர். கழுத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடி. ஒரு முகட்டில் அமர்ந்து, எதிர்ச் சரிவை வயல் வரம்பு போலத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டாகப் பார்த்தல் வேண்டும். முழு விலங்கைத் தேடக்கூடாதாம். ஒரு காது, ஒரு காலின் கோடு, மரங்களுக்கிடையே கிடையாக ஒரு நிறம் ஆகியவற்றைத் தேடவேண்டும். ஏனெனின் காட்டில் மரங்கள் நெடுக்காக நிற்பன. கிடையாகத் தோன்றுவது பெரும்பாலும் ஓர் உடல்.

நாம் வாய் திறந்தபோதெல்லாம் மருமகன் விரலை உதட்டில் வைத்து, “மாமா, கதையாதேங்கோ” என்றான். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நாம் பிறருக்குச் சொல்லிவந்த சொல் அது.

மைத்துனர் அடிக்கடி ஒரு சிறு குப்பியிலிருந்து வெண்பொடியைத் தூவி, அது போகும் திசையைப் பார்த்தார். எல்க் கண்ணை ஏமாற்றலாம். செவியையும் சிறிது ஏமாற்றலாம். மூக்கை ஏமாற்ற முடியாது. விடியற்காலையில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே வழிந்தோடும். வெயில் ஏறியதும் சூடேறிய காற்று மேலே எழும். ஆகவே காலையில் மேலிருந்து கீழ்நோக்கி நெருங்குபவன் தன் மணத்தைத் தானே முன்னனுப்பிவைக்கின்றான். அவர் பாட்டனார் வன்னியில் சுருட்டுப் புகையைப் பார்த்தே இதனை அறிந்தாராம். பொடிக்குப்பி மாறியதேயன்றிக் காற்று மாறவில்லை.

பகலில் குடும்பத்தோடு உலாவும்போதும், எல்க்கைப் பற்றிப் பேசாதே என்ற கட்டளைக்கு அமைந்து, மைத்துனர் வாய் திறவாமலே நிலத்தைப் படித்துக்கொண்டு வந்தார். ஆனால் பிள்ளைகள் அவர் கண் போன வழியைப் பிடித்துவிட்டனர். எம் மகளே முதலில் பிழுக்கையைக் கண்டவள். ஈரப்பளபளப்போடு கறுத்திருந்தால் புதியது. காய்ந்து வெளிறியிருந்தால் பழையது எனக் கற்றுக்கொண்டாள். அஸ்பென் மரங்களின் வெண்பட்டையில் ஆள் உயரத்தில் கரிய தழும்புகள் இருந்தன. மாரியில் பசித்த எல்க் பட்டையைக் கறண்டியதன் அடையாளம் அது. ஓரிடத்தில் கறுத்த சேற்றுக்குழி ஒன்று காணப்பட்டது. கலைகள் புரண்டு உடலைக் குளிர்விக்கும் இடம். நான்கு மணியானதும் தங்கையே நேரத்தைப் பார்த்து, “இனிக் கதைக்கலாம்” என்று உத்தரவு கொடுத்தாள். அதுவரை அடக்கி வைத்த பேச்செல்லாம் மடை திறந்தது. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் எல்க் நின்ற இடத்தில் ஒக்டோபரில் நில்லாது. பனி விழும்; புல் காயும்; வேறு வேட்டைக்காரரும் காட்டில் நடமாடுவர். ஆகையால் மைத்துனர் தேடியது எல்க்கை மட்டுமன்று. புல், தண்ணீர், ஒளிவதற்கு இருண்ட காடு ஆகிய மூன்றும் அருகருகே அமைந்த இடங்களையே. இரண்டாம் நாள் அத்தகைய பள்ளத்தாக்கு ஒன்றைக் கண்டோம். தடங்கள் நிறைந்திருந்தன. ஆனால் அவர் அதனைத் தேசப்படத்தில் குறுக்கே கோடிட்டு நீக்கினார். வியப்போடு காரணம் கேட்டோம். ஒரு பிணையை வீழ்த்தினாற்கூட எலும்பு நீக்கிய இறைச்சி எழுபது கிலோவுக்கு மேல் வரும். முதுகிற் சுமந்து நான்கு முறை ஏறி இறங்க வேண்டும். அப்பள்ளத்திலிருந்து அதனைச் சுமந்து முடிப்பதற்குள் வெயில் வந்தால் பழுதாகிவிடும் என்றார். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிற் கைவிடுதல் அம்மாநிலத்திற் குற்றம். சுமக்க முடியாத இடத்திற் சுடக்கூடாது என்பது அவர் தமக்குத் தாமே இட்ட சட்டம்.

சட்டங்கள் இன்னும் பல. வேட்டைப் பகுதிகள் நூற்றுக்கு மேற்பட்டவை. பலவற்றிற்கு ஏப்ரிலில் விண்ணப்பித்துச் சீட்டுக் குலுக்கலில் அனுமதி பெறவேண்டும். 1949 ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் பிறந்தவர் வேட்டைக் கல்வி கற்றுச் சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும். பன்னிரண்டு வயதிற் குறைந்தவர் பெருவிலங்கைச் சுடலாகாது. ஆளில்லாச் சிறுவிமானத்தைப் பறக்கவிட்டு விலங்கைத் தேடுதலும் ஆகாது. காலால் நடந்து கண்ணால் காணவேண்டும். 1937 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமொன்றின்படி, துவக்குக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் வரி வனவிலங்குப் பாதுகாப்புக்கே செல்கின்றது. அதே 1937 இல் இலங்கையிலும் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. நாம் மரையைச் சுடுதலைத் தடுத்துக் காக்க முயன்றோம். அவர்கள் சுடுபவனிடமே காசு வாங்கிக் காக்க முயன்றனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலராடோவில் எஞ்சிய எல்க் ஆயிரத்துக்கும் குறைவு என்பர். இன்று இரண்டரை இலட்சத்துக்கு மேல்.

மருமகன் கேட்ட கேள்வி

மூன்றாம் நாள் அந்தியில் அனைவருமாக ஒரு புல்வெளியின் ஓரத்தில் அமர்ந்திருந்தோம். முப்பதளவிற் பிணைகளும் கன்றுகளும் காட்டிலிருந்து வெளிவந்தன. கன்றுகளின் உடலில் புள்ளிகள் மங்கத் தொடங்கியிருந்தன. அவை ஒன்றையொன்று துரத்துவதும், நீரோடையைத் தாண்டித் திரும்பத் தாண்டுவதுமாக விளையாடின. அரைமணி நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் எம் பிடரியில் காற்று மெல்லப் பட்டது. முதிய பிணையொன்று தலை நிமிர்த்தி, நாய் குரைத்தாற்போல ஒரேயொரு ஒலி எழுப்பிற்று. அடுத்த கணம் புல்வெளி வெறுமையாயிற்று.

திரும்பி நடக்கும்போது மருமகன் எமக்கருகே வந்தான். “மாமா, ஊரிலை கோயிலிலை வேட்டைத் திருவிழா செய்யிறியள். கண்ணப்பரும் வேடன் எண்டு அம்மாதான் சொல்லித் தந்தவ. அப்ப நான் போறது ஏன் பிழை?” என்று கேட்டான். அவன் தாய் முன்னே நடந்துகொண்டிருந்தாள். அவள் நடை தளர்ந்ததைக் கண்டோம்.

பிழை என்று நாம் சொல்லவில்லையே எனத் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கேட்டவன் மாணவன், கேட்கப்பட்டவர் ஆசிரியர். வேட்டைத் திருவிழாவில் அம்பு தைப்பது நம்முள் இருக்கும் விலங்குக் குணத்தையே எனப் பெரியோர் கூறும் விளக்கத்தைச் சொன்னோம். அது அவனுக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வள்ளுவர் புலால் மறுத்தலை ஓர் அதிகாரமாகவும் கொல்லாமையைப் பிறிதோர் அதிகாரமாகவும் வகுத்தார் என்றும், எம் இல்லத்தார் அவ்வழி நிற்போர் என்றும், அவ்வழியே எமக்கு உயர்ந்ததாகத் தோன்றுகின்றது என்றும் ஒளியாமற் கூறினோம். அதே வேளையில், அவன் தந்தையின் முன்னோருக்குக் காடே களஞ்சியமாய் இருந்ததென்றும், பொதி கட்டிய இறைச்சியைக் கடையில் வாங்கி உண்பவன் ஒருநாளும் கேளாத கேள்வியை அவன் கேட்டிருக்கின்றான் என்றும் கூறினோம். முடிவு அவனுடையது, ஆனால் இன்றைய அந்தியிற் கண்டவற்றை ஒக்டோபரிலும் மறவாது செல்லவேண்டும், மறந்துதான் சுட முடியும் என்றாற் சுடாதிருக்க வேண்டும் என்றோம்.

அவன் நெடுநேரம் பேசாமல் நடந்தான். அன்றிரவு தங்கை எமக்கு இரண்டாம் முறையும் உப்புமா பரிமாறினாள், வேறொன்றும் சொல்லவில்லை.

மீள்வழி

ஐந்தாம் நாள் மீக்கர் என்னும் ஊர் வழியாகத் திரும்பினோம். அந்நிலம் முழுவதும் ஒருகாலத்தில் யூட் என்னும் பழங்குடியினரின் வேட்டைக்காடு. அவர்களை உழவராக்க முனைந்த அரசாங்க முகவர் ஒருவர், அவர்களது குதிரைகளின் மேய்ச்சல் நிலத்தை உழுவித்தார். 1879 இல் கலகம் மூண்டு அவரும் மாண்டார். ஊர் இன்று அவர் பெயரையே தாங்குகின்றது. யூட் மக்களோ 1881 இல் யூட்டா நிலப்பகுதிக்குத் துரத்தப்பட்டனர். இன்று சீட்டுக் குலுக்கி அனுமதி பெறும் காட்டில் அன்று அனுமதி கேளாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். சொந்த நிலத்தை விட்டுப் பெயர்ந்தவர் கதை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதன்று. வன்னியிலிருந்து வந்த மைத்துனர் அங்கு வாகனத்தை நிறுத்தி, பலகையில் எழுதப்பட்டிருந்ததை இருமுறை வாசித்தார்.

அப்பால் கிளென்வூட் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரின் வெந்நீர்த் தடாகத்தில் பிள்ளைகள் மாலைவரை நீராடினர். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் ஒருங்கே சேர்த்துப் பன்மடங்கு பெருக்கினாற்போன்றது அது. பயணத்தில் அவர்களுக்கு மிகப் பிடித்த இடம் எதுவெனக் கேட்டால் இன்றும் இதனையே சொல்வர்.

நாம் ஊர் திரும்பிய பின், ஒக்டோபர் இறுதியில் மருமகனிடமிருந்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. வேட்டையின் மூன்றாம் நாள், பென்சில் வட்டமிட்ட இடங்களுள் ஒன்றில், ஒரு பிணையை அவன் சுட்டான். ஒரே தோட்டாவில் அது வீழ்ந்தது. அருகே சென்றபோது அதன் கண் திறந்தே இருந்தது என எழுதியிருந்தான். இருட்டும்வரை தந்தையும் மகனுமாகச் சுமந்தனர். தங்கை தன் அடுப்பில் அதனை ஏற்றவில்லை. வீட்டின் பின்புறத்தில் தனியடுப்பு மூட்டித் தந்தையே சமைத்தார். ஒரு துண்டும் வீணாகவில்லையாம். கடைசி வரியில், “மாமா, நான் மறக்கேல்லை. வாற ஏப்ரிலிலை திரும்ப விண்ணப்பிக்கிறதோ எண்டு இன்னும் யோசிக்கிறன்” என்றிருந்தது.

அவன் சுட்டது எமக்கு உவப்பன்று. அதனை அவனுக்கு மறைக்கவில்லை. ஆயினும் அக்கடிதத்தை எம் வகுப்பு மாணவர்க்கு வாசித்துக் காட்டினோம். ஒருயிரைக் கொன்றவன் அதன் கண்ணை மறவாதிருத்தல், மரக்கறி உண்டுகொண்டே விலங்கொன்றையும் ஏறெடுத்துப் பாராதிருத்தலினும் தாழ்ந்ததோ என மாணவர் ஒருவர் கேட்டார். அவ்வினாவிற்கு விடை எழுதி வருமாறு எல்லோரையும் பணித்துள்ளோம்.

நம் நாட்டில் மரையை வேட்டையாடச் சட்டம் இடந்தராது, இடந்தரவும் வேண்டா. ஆனால் வேட்டைக்காரனின் பார்வையைக் கற்றுக்கொள்ளச் சட்டம் தடையன்று. 1988 இல் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோர் பலர், வாயிலருகே நிற்கும் மரைக்குப் பாண் துண்டைக் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு உலக முடிவுக்கு விரைகின்றனர். அந்த மரையை நஞ்சூட்டாமற் கெடுக்கும் வழி அது. பாணையும் பொலித்தீனையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, விடியுமுன் சென்று, பிள்ளைகளோடு ஓரிடத்தில் அரைமணி நேரம் பேசாமல் அமர்ந்து பாருங்கள். காற்று எத்திசையில் வீசுகின்றது, மரை எதனை மேய்கின்றது, எதற்குத் தலை நிமிர்த்துகின்றது எனக் குறித்து வாருங்கள். இதற்கு அனுமதிச் சீட்டும் கம்பளிச் சட்டையும் பொறுமையும் போதும்.